விளக்கொளியும் உடலின் கடிகாரமும்

சென்ற கார்த்திகை மாதத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் சரக்கிருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, தீபாவளிக்காகப் பதினைந்து நாள் நடுநிசி கடந்தும் நெய்தேன். இப்பொழுது அவசர வேலை ஏதுமில்லை. ஆயினும் இரவு ஒரு மணிக்கு முன் உறக்கம் வருவதில்லை. காலையில் எழவும் முடிவதில்லை. பாவில் இழை அறுந்தாலும் கண்ணில் படுவதில்லை. இது என்ன நோய்?" என்று வினவினார். இது நோயன்று, அவருடைய தறி விளக்கு அவர் மூளையிலுள்ள கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டது. அது எங்ஙனம் நிகழ்கிறது என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அவ்விடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 உயிரணுக்கள் கொண்ட சிறு பகுதி ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு வேறு ஆய்வாளர் குழுவினர் எலிகளில் இப்பகுதியை அழித்துப் பார்த்தனர். அவ்வெலிகள் ஓடுவதும் நீர் அருந்துவதும் நேரங்கெட்டுப் போயின. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் வேளை குறிக்கும் தலைமைக் கடிகாரம் இதுவே என்பது அதனால் புலனாயிற்று. மனிதரில் இக்கடிகாரம் தானாக ஓடினால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 24 மணியினும் சில நிமிடங்கள் அதிகம் பிடிக்கும். ஆகவே அதை நாள்தோறும் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்துவது வெளிச்சம்.

வெளிச்சம் அங்கே செல்லும் வழி விந்தையானது. கண்ணின் திரையில், உருவங்களைக் காண உதவும் அணுக்களையன்றி, மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட வேறு சில அணுக்களும் உள்ளன. நீலம் கலந்த ஒளியே இவற்றை மிகுதியாகத் தூண்டும். பார்வை இழந்தவர்களிலும் சிலருக்கு இவ்வணுக்கள் பழுதின்றி இருப்பதால் அவர்களுடைய உடற்கடிகாரம் பகலிரவை அறிந்துகொள்கிறது.

ஒளி பட்டதும் இவ்வணுக்களின் நரம்பு நுனிகள் குளூட்டமேட் என்னும் இரசாயனப் பொருளையும், அதற்குத் துணையாகப் பேக்காப் என்னும் சிறு புரதத்தையும் கடிகார அணுக்களின் மீது சுரக்கின்றன. அணுவின் வாயில்கள் திறந்து கால்சியம் உட்புகுகிறது. அதன் விளைவாக 'பெர்' என்னும் மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. பெர் புரதம் பெருகுவதும், போதிய அளவு சேர்ந்ததும் தன் உற்பத்தியைத் தானே தடுப்பதும், பிறகு சிதைந்து குறைவதுமாகிய சுற்றே கடிகாரத்தின் ஓட்டம். இச்சுற்றின் இயக்கத்தை ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சுரக்கும் பொருள் ஒன்றே. வேளைக்கேற்ப விளைவு மாறுகிறது. ஏரியில் நீர் வடிந்துகொண்டிருக்கையில் மேலும் நீர் விட்டால் வடிவது தாமதப்படும். நீர் ஏறத் தொடங்கும் சமயத்தில் விட்டால் ஏரி முன்னதாகவே நிரம்பும். அதுபோல, முன்னிரவில் பெர் புரதம் குறைந்து வரும்போது படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்தள்ளுகிறது. பின்னிரவில் படுவது முன்னே நகர்த்துகிறது. வழக்கமாகத் துயிலெழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு இந்தத் திருப்பம் ஏற்படுகிறது. நண்பகல் வெளிச்சத்தால் அத்தகைய மாற்றம் அதிகம் இல்லை.

ஒளிச் செய்தி முதலில் இருபதினாயிரம் அணுக்களுள் ஒரு பகுதிக்கே எட்டுகிறது. அவை வி.ஐ.பி. என்று சுருங்கச் சொல்லப்படும் வேறொரு இரசாயனப் பொருளைக் கொண்டு ஏனையவற்றுக்கு அறிவித்து, எல்லாவற்றையும் ஒரே கதியில் ஓடச் செய்கின்றன. (நம் சங்கங்களில் சுற்றறிக்கைகள் இவ்வளவு ஒழுங்காகச் சென்று சேருமாயின் என் வேலை பாதியாகக் குறையும்!) இதே கடிகாரம் பீனியல் சுரப்பிக்கும் கட்டளை அனுப்புகிறது. இரவில் அச்சுரப்பி மெலடோனினைச் சுரந்து உடலுக்கு இருளை உணர்த்தும். பிரகாசமான விளக்கொளி பட்டால் அச்சுரப்பு ஒடுங்கிவிடும்.

இனி நம் பெரியவரின் நிலையைப் பாருங்கள். அவருடைய தறிக்குழி இருக்கும் அறைக்குச் சன்னல் ஒன்றே. பகலெல்லாம் மங்கலில் இருந்தவரை இரவு விளக்கு கூடுதலாகவே பாதிக்கும். பாவைக் காண்பதற்கென்று வெண்ணிற எல்.இ.டி. விளக்கை முகத்துக்கு நேரே தொங்கவிட்டிருந்தார். நள்ளிரவு வரை அதன்கீழ் அமர்ந்ததனால் அவர் கடிகாரம் சிறிது சிறிதாகப் பின்வாங்கியது. வேலை முடிந்த பின்னரும் அவர் எட்டு மணிக்கு எழுந்து நேரே குழியில் இறங்கினார். அதனால் அதைத் திருப்பி நகர்த்தும் காலை வெளிச்சம் அவர் கண்ணில் படவேயில்லை.

இரவில் மின்சாரம் வரும் வேளை பார்த்து நீர் பாய்ச்சச் செல்லும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். மோட்டார் அறையில் நள்ளிரவில் பெரிய விளக்கின்கீழ் அமர்ந்திருப்பதைவிட, வரப்பு தெரியும் அளவுக்குக் கைவிளக்கைத் தாழப் பிடித்துச் செல்வது மேல். ஆயினும் பாம்புக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் வெளிச்சத்தைக் குறைக்குமாறு நான் எவருக்கும் கூறமாட்டேன்.

பெரியவருக்கு நான் சொன்னவை இரண்டே. முன்னிரவில் தறியை ஒன்பது மணிக்கு நிறுத்தி, எஞ்சிய வேலையை விடியலுக்குச் சற்று முன்னே எழுந்து செய்ய வேண்டும். பொழுது புலர்ந்ததும் அரைமணி நேரமாவது வாசலில் இருந்து நூல் சுற்றும் வேலையைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் ஒரேயடியாக முன்னதாக எழ முயலாமல், நாளுக்கு அரைமணி வீதம் நகர்த்துமாறும் கூறினேன். தை மாதம் மீண்டும் சென்றபோது அவர் நான்கரை மணிக்கே தறியில் அமர்ந்துவிடுவதாகச் சங்கக் காரியதரிசி தெரிவித்தார். விளக்கு மட்டும் பழைய இடத்திலேயே தொங்குகிறதாம்.