பிலடெல்பியா குரோமோசோமும் நாள்தோறும் ஒரு மாத்திரையும்

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளரின் அறிக்கையில் "பிலடெல்பியா குரோமோசோம் உள்ளது" என்னும் வரியைக் கண்டதும் குடும்பத்தினர் கேட்பது, "இது பிள்ளைகளுக்கும் வருமா?" என்பதே. வராது. இம்மாற்றம் பெற்றோர் வழி வந்ததன்று. பிறந்தபின் எலும்பு மஜ்ஜையின் ஓர் உயிரணுவில் நேர்ந்து, அதிலிருந்து பெருகும் அணுக்களில் மட்டும் தொடர்வது.

9ஆம் குரோமோசோமிலும் 22ஆம் குரோமோசோமிலும் ஒவ்வொரு துண்டு முறிந்து, ஒன்றன் இடத்தில் மற்றொன்று ஒட்டிக்கொள்கிறது. இதனால் குட்டையான 22ஆம் குரோமோசோமையே 1960இல் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கண்டனர். பெயர் அவ்வூரால் வந்தது. துண்டு தொலையவில்லை, இடம் மாறியதே என்று 1973இல் சிகாகோவின் ஜேனட் ரவுலி காட்டினார். ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்., ஏ.பி.எல். என்னும் மரபணுக்கள் இணைந்து ஒரு புரதத்தை ஆக்குகின்றன. அது ஓயாமல் தூண்டுவதால் வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன.

அப்புரதத்தை அடக்கும் இமாடினிப் 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு இங்கு அக்காலத்தில் மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை ஏறத்தாழ 10,000 ரூபாய்க்குள் தந்தன. அதன் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதிசெய்தது. எளியோர் இல்லங்களில் இம்மாத்திரை இருப்பதற்கு அத்தீர்ப்பும் ஒரு காரணம்.

ஆயினும் அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்கு வந்ததும், "உடம்பு நன்றாகிவிட்டது" என்று தாமே மருந்தை நிறுத்துவோர் உளர். எண்ணிக்கை சீரான பின்னும் மாறிய அணுக்கள் மஜ்ஜையில் எஞ்சியிருக்கும். மருந்து நின்றால் மீண்டும் பெருகக்கூடும். பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களில் விடியுமுன் கடலுக்குச் செல்வோர், கரை திரும்பி வயிறார உண்ணும் வேளையையே மாத்திரைக்கு வைத்துக்கொள்ளலாம். உணவோடு, ஒரு பெரிய குவளை நீருடன் விழுங்குக. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாக உண்ணற்க. கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு தோன்றினால் மருத்துவரிடம் கூறுக. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே கலந்து பேசுதல் வேண்டும்.

அறிக்கையில் வரும் 'பி.சி.ஆர்.' இரண்டு: ஒன்று மரபணுவின் பெயர், மற்றது அதை அளக்கும் பரிசோதனையின் பெயர். தமிழில் இரண்டும் ஒன்றாக ஒலிப்பதால் பலர் குழம்புகின்றனர். தொடக்கத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்யப்படும் இப்பரிசோதனைக்கு வரும்போது பழைய அறிக்கைகளையும் கொண்டுவருக. ஓர் எண்ணை மட்டுமன்று, எண்கள் இறங்கிவரும் போக்கையும் மருத்துவர் பார்ப்பார்.