தோல்வியும் நிதானமும்: தொஸ்தோயெவ்ஸ்கியின் சூதாட்ட அனுபவம்

உணர்ச்சிவசப்படாது தன்னைக் கட்டுப்படுத்துபவன் றூலெற் ஆட்டத்தில் வெல்வது உறுதியென 1863இல் எழுதிய கடிதமொன்றில் தொஸ்தோயெவ்ஸ்கி குறிப்பிட்டார். தொடர்ந்து தோற்றபோது தமது மனவுறுதியையே குறைகூறினார். ஆயின், சக்கரத்திலுள்ள பூச்சியம் விடுதியின் இலாபத்துக்கானது. முன்னைய தோல்விகளை அச்சக்கரம் நினைவிற் கொள்வதுமில்லை. கடனடைக்கவே அவர் ஆடினார். ஆடியே மேலுங் கடன்பட்டார். இழந்ததை மீட்கும் வேட்கை தோல்வியைத் தொடரச் செய்தது. 1866இல் 'சூதாடி' நாவலை 26 நாட்களிற் சொல்லி எழுதுவித்த பின்னரும் அவர் அதனைக் கைவிடவில்லை, 1871இலேயே விடுபட்டார்.

ஆகவே, நிதானம் என்பது றூலெற் மேசையில் வெல்வதற்கான உபாயமன்று. அதனைவிட்டு எழுவதற்கான ஆற்றல் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அவ்வாற்றலைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் நோக்குவோமாயின், ஆட்டத்தின் இலாபம் எவரைச் சென்றடைகிறது என்ற வினா மறைந்துவிடும்.