இடுப்பு வலிக்கு ஒத்தடம்

குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து மிதிகட்டை மிதிக்கும் நெசவாளருக்கும், குனிந்து களையெடுக்கும் விவசாயிக்கும் இடுப்பு வலி புதிதன்று. வலி கண்டதும் படுத்தே கிடப்பது தவறு; தசை மேலும் இறுகும். மணிக்கொரு முறை எழுந்து, பாவோடும் தெருவில் சற்று நடந்து வருதல் நலம். இரவில் கல்லுப்பு அல்லது தவிடு வறுத்துத் துணியில் முடிந்து, புறங்கையில் சூடு பார்த்தபின், 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டினால் இரத்த ஓட்டம் மிகுந்து தசை தளரும். நொச்சியிலை சேர்ப்பாரும் உண்டு. மணம் இதமானதே, ஆயினும் பெரும்பயன் சூட்டினுடையது என்பது நம் எண்ணம். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்துக்குச் சூடு ஆகாது. நீரிழிவால் கால் மரத்துப்போன அங்கத்தினர் பாதத்தில் ஒத்தடம் வைக்கவே கூடாது. சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும். இடுப்பு வலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, ஒத்தடத்தை நம்பியிராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.