மூடியதை மறுபடியும் மூடினால்…

வானொலியில் சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். என் நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிவாங்கியை மூடினேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சந்தேகம் வந்தது. மூடினோமா, இல்லையா? சரியாகப் பார்க்காமல் கையை நீட்டி அதே ஃபேடரை மறுபடியும் கீழே இழுத்தேன். அதற்குள் என் இருக்கையில் அமர்ந்திருந்த செய்தி வாசிப்பாளர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். அவர் குரல் பாதி வரியில் அறுந்தது.

அண்மையில் இதை என் சித்தப்பா மகனிடம் சொன்னேன். மென்பொருள் எழுதுபவன். சிரித்துவிட்டான்.

“அக்கா, எங்கள் வேலையிலும் இதே தவறு உண்டு. விடுவித்த இடத்தையே மறுபடியும் விடுவிப்பது. கெர்னலில் அது நடந்தால் ஒரு குரல் மட்டும் போகாது. மொத்தக் கணினியும் விழலாம்” என்றான்.

பதிவேடும் பொறுப்பாளரும்

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. நாம் திறக்கும் ஒவ்வொரு செயலிக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்குவது அதுதான். பல கணினிகளில் அந்த இடம் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. எந்த முகவரி எந்தப் பக்கத்துக்கு உரியது என்று கெர்னல் ஒரு பதிவேடு வைத்திருக்கும். வேலை முடிந்ததும் பதிவை நீக்கி, இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும்.

நீக்கச் சொல்லும் கோரிக்கையே தவறாக இருந்தால்? கேட்பது யார் என்பதைப் பொறுத்தது என்றான் தம்பி. லினக்ஸில் சாதாரணச் செயலி ஒன்று பக்கத்தின் தொடக்கத்தில் இல்லாத முகவரியைக் கொடுத்தால், கெர்னல் மறுத்து, ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தரும். அத்துடன் முடிந்தது.

கெர்னலுக்குள்ளேயே இயங்கும் டிரைவர், பதிவேட்டில் இல்லாத முகவரியை விடுவிக்கச் சொன்னால், கெர்னல் எதையும் தொடாது. அந்தக் கோரிக்கை எந்த வழியாக வந்தது என்ற தடத்தை எச்சரிக்கையாக எழுதிவிட்டு, தொடர்ந்து இயங்கும்.

ஆனால் அந்த முகவரி அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தால்? பதிவேட்டில் அது இருக்கிறது. எனவே எச்சரிக்கை வராது. கெர்னல் அப்பாவியாக விடுவித்துவிடும். நான் செய்தி வாசிப்பாளரின் குரலை அறுத்தது போலத்தான்.

நிறுத்துவதா, தொடர்வதா?

தவறு தெரிந்ததும் இயந்திரத்தையே நிறுத்திவிடலாமே என்று கேட்டேன். இது பழைய வாதமாம். 2016 அக்டோபரில் லினக்ஸ் 4.8 வெளிவந்தபோது, நினைவக நிர்வாகப் பகுதியில் சேர்ந்திருந்த ஒரு சோதனை, கணினிகளை வேண்டுமென்றே நிறுத்தியது. அதைச் சேர்த்ததற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் வருத்தம் தெரிவித்தார். அப்படி எழுதும் பழக்கத்தைக் கடுமையாகச் சாடவும் செய்தார். கணினி நின்றால் பயனாளரின் வேலை போகும். பிழையைக் காட்டும் தடயமும் அதோடு போய்விடலாம்.

மறுபக்கமும் உண்டு. கெட்டுப்போன தரவோடு தொடர்ந்தால் சேதம் பெருகலாம். அதனால் எச்சரிக்கை வந்தவுடன் நின்றுவிடும்படி அமைத்துக்கொள்ளவும் லினக்ஸில் வழி இருக்கிறது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19ஆம் தேதி பார்த்தோம். கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்பால், கெர்னலில் இயங்கிய அதன் டிரைவர் தனக்கு உரிய எல்லையைத் தாண்டி நினைவகத்தைப் படித்தது. அது விடுவிப்புப் பிழை அல்ல. ஆனால் அதற்கு நெருங்கிய உறவு. விண்டோஸ் நின்றது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவுசெய்ய வேண்டியிருந்தது.

“அப்படியானால் நல்ல வழிதான் எது?” என்றேன்.

“விடுவித்த கையோடு, உன்னிடம் இருக்கும் முகவரிக் குறிப்பை வெறுமையாக்கிவிடு. வெற்று முகவரியை விடுவிக்கச் சொன்னால் கெர்னல் ஒன்றும் செய்யாது. மறதியாக இரண்டாம் முறை கேட்டாலும் ஆபத்தில்லை. அதே முகவரி வேறு எங்காவது எழுதியிருந்தால் மட்டும் கவனம் தேவை, அக்கா.”

இப்போதெல்லாம் ஒலிவாங்கியை மூடியதும் நிகழ்ச்சித் தாளில் ஒரு கோடு போடுகிறேன். சந்தேகம் வந்தால் தாளைப் பார்ப்பேன். ஃபேடர் பக்கம் கை போவதில்லை.