உங்களுக்குத் தெரியுமா? சிட்னிப் பாம்பும் கிண்டிப் பாம்பும்

ஆதம்பாக்கத்தில் இப்போது தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது பிள்ளையோ பெண்ணோ ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிற தாத்தா பாட்டியை முதல் மாதத்திலேயே ஊர்வனப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். கங்காருவுக்குத் தீனி போட்டது, முதலை எம்பிக் கோழியைக் கவ்வியது எல்லாம் ஃபேமிலி குரூப்பில் வீடியோவாக வந்து விழுகின்றன. பார்க்கட்டும், நல்ல விஷயம்தான். “கிண்டிப் பாம்புப் பண்ணைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?” என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். “ஸ்கூல்ல எக்ஸ்கர்ஷன் போனோம்” என்பார்கள். பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கிண்டி. விசா வேண்டாம். லீவு விட்டாயிற்று, அதனால் இந்த வாரம் பாம்பு, முதலை, ஈமு.

◆ இந்தியாவில் ஊர்வனவற்றுக்கென்றே திறந்த முதல் பூங்கா நம் கிண்டியில் இருப்பதுதான். தொடங்கியவர் ரோமுலஸ் விட்டேகர். 1943-இல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவனாக இந்தியா வந்து, கொடைக்கானலில் படித்தவர். அமெரிக்காவில் மியாமி நகரின் பாம்புப் பண்ணையில் பில் ஹாஸ்ட் என்பவரிடம் வேலை கற்றுக்கொண்டு திரும்பினார். தாம்பரம் பக்கம் சேலையூரில் சிறிய அளவில் ஆரம்பித்து, 1972-இல் கிண்டிக்கு மாற்றினார். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரை இன்னும் ‘அமெரிக்கக்காரர்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. பாம்பு பிடிக்கிறவர்களோடு தமிழில் பேசியே வாழ்க்கையைக் கழித்தவரை அப்படிச் சொல்வது நியாயமில்லை.

◆ சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் இருக்கிற ‘ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்’ வெறும் வேடிக்கைக் கூடம் இல்லை. அந்த நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நிலப் பாம்புகளின் விஷம் அங்கேதான் எடுக்கப்படுகிறது. தொடங்கியவர் எரிக் வொரல். கிட்டத்தட்ட அதே வேலை இங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே நடக்கிறது. செய்பவர்கள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். சோமர்ஸ்பிக்கு டாலர் கொடுத்துப் போய் வந்த பலர், மாமல்லபுரம் போகும்போது வடநெம்மேலியைக் காரில் தாண்டிப் போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

◆ அந்தச் சங்கம் எப்படி வந்தது? ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றார்கள். செருப்பும் கைப்பையுமாகத் தோல் வெளிநாடு போனது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னாலேயே தோல் ஏற்றுமதிக்கும் தடை வர, பிழைப்பு போயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒரே வித்தை ஒரே நாளில் குற்றம் ஆகிவிட்டது. கொல்லாமல் விஷம் மட்டும் எடுக்கலாமே என்ற யோசனையில் 1978-இல் சங்கம் பதிவானது. விட்டேகர் கூட இருந்தார்.

சங்கத்தின் உள்ளே போனால் மண்பானை வரிசை. பாதிவரை மணல், வாயில் துணி கட்டி இறுக்கியிருக்கும், பானைக்குள் பாம்பு. கொக்கியால் தூக்கி வெளியே விட்டதும் நல்ல பாம்பு படமெடுத்துச் சீறும். எடுக்கிறவர் அவசரப்படுவதே இல்லை. தலைக்குப் பின்னால் விரல் வைத்துப் பிடித்து, வாயில் மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியைக் காட்டுவார். பல் சவ்வில் இறங்கும். குப்பியின் உள்பக்கத்தில் மஞ்சளாக ஓரிரு சொட்டு வழியும், அவ்வளவுதான். இதை உலர்த்திப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். சில வாரங்களில் நான்கு முறை எடுத்தபின் பாம்பின் வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி மாட்டினால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம்.

எடுப்பது நான்கு வகையிலிருந்துதான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த விஷங்களைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தால் மருந்து. கேரளத்திலும் இலங்கையிலும் கடிக்கிற கூன்மூக்கு விரியனுக்கு இந்த மருந்து சரிவர வேலை செய்வதில்லை.

◆ 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைப்பாம்பு பெருகிப்போய், பிடிக்க ஆள் தேடினார்கள். போனவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். கையில் ஒரு கடப்பாரை, கூட மொழிபெயர்ப்பாளர். இரண்டு வாரம் முடிவதற்குள் 13 மலைப்பாம்பு. அதில் ஒன்று 16 அடி. அந்த ஊர் வேட்டைக்காரர்கள் சாலையோரமாகவே தேடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் புதருக்குள் இறங்கித் தடத்தையும் எச்சத்தையும் பார்த்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

◆ கெவின் பட்டன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆஸ்திரேலியாவின் தைப்பான் பாம்புக்கு 1950-இல் மருந்து இல்லை. மருந்து செய்ய உயிருள்ள பாம்பு வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் 20 வயது பட்டன் கெய்ர்ன்ஸ் நகரில் ஒரு தைப்பானை வெறுங்கையால் பிடித்தார். பையில் போடும்போது கடித்துவிட்டது. அப்போதும் பாம்பைக் கொல்லாதீர்கள், ஆராய்ச்சிக்கு அனுப்புங்கள் என்றார். மறுநாள் இறந்துபோனார். பாம்பு மெல்போர்னுக்குப் போனது. 1955-இல் மருந்து வந்தது. அங்கே போகிறவர்கள் தைப்பான் கூண்டின் முன் நின்று செல்ஃபி எடுக்கும்போது இந்தப் பையனையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

◆ உலகிலேயே பயங்கரமான பாம்புகள் இருக்கும் நாடு என்று பெயர் எடுத்த ஆஸ்திரேலியாவில் பாம்பு கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு பேர் அளவில்தான். இந்தியாவில்? 2000 முதல் 2019 வரையிலான கணக்கை ஆராய்ந்த ஓர் ஆய்வு ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்கிறது. விஷத்தின் வீரியம் காரணமில்லை. வயலில் வெறுங்காலோடு வேலை, தரையில் படுக்கை, மந்திரிக்கப் போய் வீணாகும் நேரம், தூரத்து ஆஸ்பத்திரி. இதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

◆ இது முக்கியம், கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியப் பூங்காக்களில் பாம்பு கடித்தால் கை காலைக் கட்டுத் துணியால் அழுத்திச் சுற்றச் சொல்லிக் கொடுப்பார்கள். அங்கே அது சரி, ஏனென்றால் அந்தக் கண்டத்தில் விரியன் இனமே கிடையாது. அங்குள்ள கொடிய நிலப் பாம்புகள் எல்லாம் நல்ல பாம்பின் குடும்பம். நம் ஊரிலோ கண்ணாடி விரியன் கடி சாதாரணம். அது கடித்த இடத்துச் சதையையே அழுகவைக்கும். அந்த இடத்தை இறுக்கிச் சுற்றினால் விஷம் ஓரிடத்தில் தேங்கிச் சேதம் கூடும். அதனால் இங்கே அதைப் பரிந்துரைப்பதில்லை. பயப்படாமல், கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குச் சிம்பு வைப்பதுபோல் அசையாமல் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் சில நேரம் வலியே தெரியாது. கிராமத்துக்கு லீவில் போகிறவர்கள் கொசுவலையை ஓரம் செருகிப் படுங்கள். கொசுவுக்கும் ஆச்சு, இதற்கும் ஆச்சு.

◆ கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, ஆள் எரிகிற சுடுகாட்டுப் புகையைப் பார்த்துத்தான் இறங்கும் என்பார்கள். பாவம், அதற்கு விஷமே கிடையாது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் கதை. சாரையும் நல்லதும் பிணைந்து ஆடுகின்றன என்று துணி போடுவார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். மண்ணுளிப் பாம்பு வைத்திருந்தால் கோடி கோடியாகப் பணம் கொட்டும் என்று சொல்லி வருகிறவன் உங்கள் பணத்தைத்தான் கணக்குப் போடுகிறான்.

◆ முதலைக் குட்டி ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது வெயில். வடநெம்மேலியின் சதுப்புநில முதலைகளை வைத்துச் செய்த ஆய்வு 1989-இல் வெளியானது. முட்டை 28 முதல் 31 டிகிரி சூட்டில் இருந்தால் எல்லாம் பெண். 32.5-இல் எல்லாம் ஆண். ஒன்றரை டிகிரியில் குடும்பமே மாறிவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் நமக்குப் புழுங்குவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

◆ அதே பண்ணையில் இன்னொரு வேடிக்கை. மேலே மரங்களில் கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில், கீழே முதலைகள் மூக்கின் மேல் குச்சிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தன. குச்சி பொறுக்க வந்த கொக்கு அம்பேல். ‘முதலை கருவி வைத்து வேட்டையாடுகிறது’ என்று 2013-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. தண்ணீரில் மிதக்கிற குச்சி தற்செயலாக ஒட்டிக்கொள்வதுதான் என்று மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. கொக்குக்கு இந்த விவாதத்தால் லாபமில்லை.

◆ 1976-இல் முதலை இனம் அழிந்துவிடக் கூடாது என்று தொடங்கிய பண்ணை அது. பெருக்கிப் பெருக்கி, கடைசியில் வைக்க இடமில்லை. ஆற்றில் விடவும் அனுமதி நின்றுபோனது. 2022-இல் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அனுமதித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. போகாமல் இங்கேயே இருப்பவர்களில் பெரியவர் ‘ஜாஸ் த்ரீ’ என்கிற உவர்நீர் முதலை, 16 அடிக்கு மேல். இதற்கு அண்ணன் ஆஸ்திரேலியாவின் கிரீன் தீவில் இருந்த ‘கேசியஸ்’. நீளம் 5.48 மீட்டர். கூண்டில் வாழ்ந்ததில் மிகப் பெரியது என்று 2011-இல் கின்னஸில் ஏறி, 2024 நவம்பரில் இறந்தது.

◆ சோமர்ஸ்பியில் ‘எல்விஸ்’ என்றொரு முதலை. 2011 டிசம்பரில் புல் வெட்ட வந்த ஊழியரின் எந்திரத்தையே இழுத்துக் குளத்துக்குள் கொண்டுபோய், மணிக்கணக்கில் தரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. மீட்டபோது அதன் இரண்டு பல் கழன்று தண்ணீரில் கிடந்தது.

◆ சர்தார் படேல் சாலையில் போகும்போது வேலி ஓரம் தெரியும் புள்ளிமானைப் பார்த்து பஸ்ஸில் குழந்தைகள் கத்துவார்கள். வடக்கு குயின்ஸ்லாந்தில் அதே மானைத் துப்பாக்கியால் சுட ஆள் வைத்திருக்கிறார்கள். 1886-இல் ஒரு பண்ணைக்கு அழகுக்காகக் கொண்டுபோய் விட்டது. இன்று மாட்டுக்கு மேய்ச்சல் இல்லாமல் செய்கிற தொல்லை. மைனாவும் அப்படித்தான். 1862-இல் பூச்சி தின்னட்டும் என்று மெல்போர்னில் விட்டார்கள். இன்று அந்த நாட்டின் மிகவும் வெறுக்கப்படும் பறவைகளில் ஒன்று. நம் பால்கனியில் வந்து கத்தும் அதே மைனா.

◆ எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் ஈமு. 1932-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயலை நாசம் செய்த ஈமுக்களை ஒழிக்க ராணுவம் இயந்திரத் துப்பாக்கியோடு வந்து, தோற்றுத் திரும்பியது. அந்தப் பறவை நம் ஊருக்கும் வந்து ஜெயித்தது. பெருந்துறையைச் சுற்றி ‘ஈமு வளர்த்தால் மாதாமாதம் பணம்’ என்று நடந்த வியாபாரம் 2012-இல் கவிழ்ந்தது. போட்டவர்கள் போலீஸில் வரிசையில் நின்றார்கள். பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டியிருந்தது. ஈமுவைப் பணம் கட்டாமல் பார்ப்பதே நல்லது. வண்டலூரில் இருக்கிறது, டிக்கெட் மட்டும் போதும்.

◆ வண்டலூர் என்றதும் ஒன்று. இந்தியாவின் பழமையான பொது விலங்குக் காட்சிசாலை சென்னையில்தான் 1855-இல் தொடங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டார். வந்தது. பிறகு அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. நம் பாட்டிமார் இந்த இரண்டையும் ‘செத்த காலேஜ்’, ‘உயிர் காலேஜ்’ என்பார்கள். 1985-இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபோனது. இன்று அதன் பரப்பு 602 ஹெக்டேர்.

◆ மீனம்பாக்கம் நமக்குப் பக்கத்து வீடு. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்து சுங்கத்துறையினர் பால் பைத்தான், இகுவானா என்று எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அழகுக்கு வளர்க்க வாங்குகிறார்களாம். புள்ளிமான் கதையை மேலே படித்தீர்கள் அல்லவா?

◆ போகிறவர்களுக்கு: கிண்டிக்கும் வண்டலூருக்கும் செவ்வாய் விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கள். காலையிலேயே போங்கள், உச்சிவெயிலில் பாம்பு மூலையில் சுருண்டுவிடும். கண்ணாடியைத் தட்டாதீர்கள். அதற்கு வெளிக்காது கிடையாது, ஆனால் அதிர்வு நன்றாகவே தெரியும்.