பழைய காரும் புதிய விளக்கும்

இரவில் ஊர்தி செலுத்துவோனுக்குக் கண்கள் இரண்டு. அவன் ஊர்திக்கும் கண்கள் இரண்டு. பின்னவை மங்கினால் முன்னவை கூர்மையாயிருந்தும் பயனில்லை. பனியன் தொழிலில் ஈடுபட்டுள்ள என் பழைய மாணவர் ஒருவர், தாம் பேணிவரும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு எவ்வகை முகப்பு விளக்குப் பொருத்தலாம் என்று ராயபுரத்தில் என் இல்லத்துக்கு வந்து வினவினார். அவருக்குக் கூறியதையே இங்கு விரித்துரைக்கிறேன்.

ஹெரால்டு 1961 முதல் 1971 வரை சென்னையில் உருவான கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டே அதற்கு மூலம். அம்மூலத்தின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் காரையும் படைத்தனர். ஆதலின் இங்குக் கூறுவன இரண்டுக்கும் பொருந்தும். இரண்டிலும் என்ஜின் மூடி, மட்காப்புகளோடும் விளக்குகளோடும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மூடி செவ்வையாகப் பதியாவிடின் ஒளியின் நோக்கும் பிறழும். எவ்விளக்கை வாங்குவோரும் முதலில் இதனைக் கவனிக்க வேண்டும். விளக்கோ ஏழு அங்குல வட்டம். அம்பாசடருக்கும் ஜீப்புக்கும் உள்ள அளவே. எனவே கடைகளில் மாற்றுக்குப் பஞ்சமில்லை.

முதல் வகை ‘சீல்ட் பீம்’. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாடல் கார்களில் வந்தது. ஆடி, இழை, முன்கண்ணாடி மூன்றும் ஒரே கூடு. தூசியும் நீரும் உட்புகா. ஆனால் இழை அறுந்தால் கூடு முழுவதையும் எறிய வேண்டும்; ஒளியும் சற்று மஞ்சள்.

அடுத்தது 1971-இல் வந்த ‘எச்-4’ ஹாலஜன். சாதாரண பல்பில் சூடேறிய டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்து கறுக்கும். ஹாலஜன் வாயுவோ அவ்வாவியைப் பற்றிச் சென்று இழையிலேயே மீண்டும் சேர்க்கிறது. ஆகவே இழையை மிகுதியாகச் சூடேற்றலாம்; ஒளி வெண்மையாகிறது. இதன் தாழ்வொளி இழைக்குக் கீழே சிறு உலோகத் தொட்டில் ஒன்றுண்டு. குவியத்துக்குச் சற்று முன்னே அமைந்த அவ்விழையின் ஒளி, குழியாடியின் மேற்பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கித் திரும்புகிறது. எதிரே வருவோர் கண் கூசாதிருப்பது இத்தொட்டிலின் உதவியால்தான்! பல்பை விரலால் தொடலாகாது; எண்ணெய்ப்பசை படிந்த இடம் மிகைவெப்பத்தால் கெடும்.

உயரொளியில் இரண்டு பல்புகளும் 60 வாட் வீதம் 120 வாட் கொள்ளும். 12 வோல்ட்டில் இது 10 ஆம்பியர். அறுபது ஆண்டு கண்ட கம்பியும் ஸ்விட்சும் இதனைத் தாங்குமா? வழியில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். பல்பின் மேல் பழி போடுவோர் பலர், குற்றம் கம்பியினுடையது. மின்கலத்திலிருந்து நேரே புதுக்கம்பி இழுத்து, இடையில் ரிலே வைத்து, பழைய ஸ்விட்ச் அந்த ரிலேயை மட்டும் இயக்குமாறு செய்தால் போதும். சிலர் 100 வாட் பல்பு மாட்டுகின்றனர். அது ஆடியைக் கருக்கும், கம்பியை உருக்கும், பழைய டைனமோவையும் திணறச் செய்யும்.

செனான் விளக்கை ஹாலஜன் கூட்டுக்குள் திணிப்பதை நான் ஏற்கேன். ஒளி பிறக்கும் இடம் மாறினால் ஆடியின் கணக்கே பொய்த்துவிடும். எல்.இ.டி. பல்பு மாற்றுக்கும் பெரும்பாலும் இதே குறை. ஏழு அங்குலக் கூடாகவே வடிவமைத்த எல்.இ.டி. விளக்கு இவற்றினும் மேல், மின்செலவும் குறைவு. எனினும் 1960-களின் நடுப்பகுதி வரை வந்த ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். இழைப் பல்புக்கு முனை பேதம் கிடையாது; எல்.இ.டி.க்கு உண்டு. மேலும், அப்பழைய முகத்தில் அது கிழவருக்கு மாட்டிய கறுப்புக் கண்ணாடிபோல் தோன்றும். இது என் ரசனை மட்டுமே.

ஆகவே என் தேர்வு ரிலேயோடு கூடிய எச்-4. கண்ணாடி இடப்புறம் செல்லும் நாட்டுக்கு உரியதாக இருத்தல் வேண்டும். வலப்புறம் செல்லும் நாட்டுக் கண்ணாடி வலப்பக்கத்தை உயர்த்திக் காட்டும். நம் சாலையில் அது எதிரே வருபவர் கண்ணிற் பாயும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து, இரவில் மிதிவண்டியில் வரும் தொழிலாளி அவ்வொளியில் சாலையோரக் குழியை எவ்வாறு காண்பார்? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் கண் கூசாதவாறு ஒளியைத் தாழ்த்தப் பணிக்கின்றன.

தாழ்த்துவது எளிது. சமதரையில் சுவருக்கு எதிரே 10 மீட்டரில் காரை நிறுத்துக. சக்கரங்களில் காற்று அளவாக இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமரட்டும். விளக்கின் மைய உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடும், அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே மற்றொரு கோடும் சுண்ணக்கட்டியால் இடுக. தாழ்வொளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் படியுமாறு திருகாணியைத் திருப்புக. விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பின் அவ்வொளி 65 மீட்டரில் தரையைத் தொடும். இனி ஒரு கணக்கு. ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி. பிறகு நொடிதோறும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது எனக் கொள்க. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் கார் நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டரில் 72 மீட்டர்.