தோட்டத்து ஆள்களைத் தேடித் தரும் கணக்கு

முகநூலில் பழைய தோட்டப் படம் ஒன்று ஏறினால் போதும், கீழே கேள்விகள் குவிந்துவிடும். தமிழ்ப்பள்ளி வகுப்புப் படத்தின் பின்வரிசையில் நிற்பது யார்? ஆயாக்கொட்டகையில் நம்மைப் பார்த்துக்கொண்ட பாட்டியின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? கடைசி லயத்து அண்ணன் சிங்கப்பூர் போனாரே, அவர் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா? கெடாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மூத்தவர்கள் பலருக்குச் சமூக ஊடகம் என்றாலே இந்தத் தேடல்தான்.

இவர்கள் தாமாகச் சிதறியவர்கள் அல்லர். 1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். லயத்துக் குடும்பங்கள் வெளியேறின. அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். 1968இல் வந்த சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. அண்ணன் இங்கே, தம்பி தமிழ்நாட்டில் என்று குடும்பங்கள் பிரிந்தன. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. சுங்கைப்பட்டாணியைச் சுற்றித் தாமான்கள் எழுந்தன. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளும் 1996இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் கிள்ளான் பள்ளத்தாக்கும் அடுத்த தலைமுறையை இழுத்துக்கொண்டன.

இப்படிப் போனவர்களை ஒரு கணினி எப்படி அடையாளம் காண்கிறது? முகநூல் 2008 முதல் காட்டிவரும் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்ற பட்டியலின் அடிப்படை எளிய எண்ணிக்கை. உங்களுக்கு 200 நண்பர்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் 200 நண்பர்கள் என்றால், நண்பரின் நண்பர் என்ற வட்டத்தில் 40,000 பேர் வரை வரலாம். அந்த 40,000 பேரில் உங்களோடு அதிகப் பொதுநண்பர்கள் உள்ளவர்களை நிரல் முன்னால் தள்ளுகிறது. ஒரே பள்ளி, ஒரே ஊர் என்று நீங்கள் எழுதிவைத்தவையும் கணக்கில் சேர்கின்றன.

இந்தக் கணக்கு தோட்டத்து மக்களிடம் நன்றாகவே பலிக்கிறது. லயத்தில் ஒருவரை ஒருவர் அறியாதவர் கிடையாது. பெரட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒரே கூட்டம்தான் திரும்பத் திரும்பச் சந்தித்தது. வலைப்பின்னல் ஆய்வாளர்கள் இதை நெருக்கமான கொத்து என்பார்கள். 1998இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் இருவரும் 'நேச்சர்' இதழில் காட்டியது இதைத்தான்: நெருக்கமான கொத்துகளுக்கு இடையே தொலைதூர இணைப்புகள் சில இருந்தாலே போதும், முழு வலையும் சட்டென்று சுருங்கிவிடும். கூலிமில் இருப்பவருக்கும் கோவையில் இருப்பவருக்கும் இடையே ஓர் ஆள் போதுமானதாகிவிடுகிறது. முகநூலும் மிலான் பல்கலைக்கழகமும் 2011இல் 72 கோடி பயனர்களை வைத்துக் கணக்கிட்டபோது, எந்த இருவருக்கும் இடையே இருந்த சராசரித் தொலைவு 4.74 கண்ணிகள். சிதறிப்போனதே சேர்வதற்கான இணைப்பாகவும் அமைந்துவிட்டது. துண்டாடலின் கொடுமையை இது ஈடு செய்துவிடாது. ஆனாலும் எனக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு.

அப்படியும் சிலர் அகப்படுவதில்லை. பெரும்பாலும் பெயர்தான் தடை.

நம் அடையாள அட்டையில் சொந்தப் பெயர், பிறகு 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', அதன்பின் அப்பா பெயர். குடும்பப் பெயர் நமக்கு இல்லை. ஆனால் முகநூல் போன்ற தளங்கள் முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம் என்று அமைக்கப்பட்டவை. இரண்டாம் கட்டத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், ஒருவர் கணவர் பெயரை, இன்னொருவர் வெறும் முதலெழுத்தை. தாத்தா, அப்பா, மகன் மூவருக்கும் மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. ஒரே வீட்டு ஆள்கள் அதன் கண்ணில் அந்நியர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துக்கூட்டல். பிறப்பைப் பதிந்த கிராணி காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். கணேசன் ஒரு தோட்டத்தில் 'ஜி'யில் தொடங்கினார், அடுத்த தோட்டத்தில் 'கே'யில் தொடங்கினார். பாலனுக்கு 'பி' எழுத்துகள் இரண்டில் எதுவும் வரலாம். ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் பழைய முறை சவுண்டெக்ஸ். அமெரிக்கர் ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, மற்ற மெய்களுக்கு எண் கொடுப்பது அதன் வழி. கணேசனின் பெயரை அதில் போட்டால், ஒருவருக்கு ஜி525, மற்றவருக்கு கே525. எண் மூன்றும் ஒன்றே. முதல் எழுத்து மாறியதால் இருவரும் சேரவே மாட்டார்கள். தமிழில் ககரம் ஒன்றுதான் என்பது அந்த முறைக்குத் தெரியாது. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஸ்டைன் 1965இல் வகுத்த திருத்தத் தொலைவு முறை நமக்கு ஏற்றது. ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று அது எண்ணுகிறது. இந்த இரு கணேசன்களுக்கும் இடையே உள்ள தொலைவு வெறும் ஒன்று. தமிழ்ப் பெயர்களுக்கென்றே இப்படி ஒரு பொருத்தம் எழுதுவது கடினமான வேலை அல்ல. பெரிய தளங்களுக்கு அது அவசரமாகப் படாது. நம் கணினிப் பட்டதாரிகள் கையிலெடுக்கலாம்.

ஆளைத் தேட இன்னொரு வழி தொலைபேசி எண். எல்லா வழிகளிலும் துல்லியமானது இது, ஆபத்தானதும் இதுதான். செயலியை நிறுவும்போது உங்கள் போனில் உள்ள எண்களை எல்லாம் அது கேட்கும். நீங்கள் 'சரி' என்று தட்டிய கணத்தில், அந்தச் செயலியையே பயன்படுத்தாத உங்கள் சித்தியின் எண்ணும் அதன் கைக்குப் போய்விடுகிறது. முகநூலில் இந்த வசதியை 2019 வரை சிலர் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். கோடிக்கணக்கான எண்களை வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் யாருடையது என்று கேட்டு எடுத்தார்கள். 2021 ஏப்ரலில் 53 கோடிப் பேரின் விவரம் இணையத்தில் கொட்டப்பட்டது. அதில் மலேசியர்கள் ஒரு கோடிக்கும் மேல். அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பாதுகாப்பை வடிவமைப்பிலேயே வைக்கத் தவறியதுதான் ஆணையம் கண்ட குற்றம்.

அதோடு முடியவில்லை. நாம் புலனம் என்று சொல்லும் வாட்ஸ்அப்பில் மணிக்குப் பத்துக் கோடி எண்களுக்கு மேல் சோதித்துப் பார்க்க முடிந்ததாக வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 நவம்பரில் அறிவித்தார்கள். 350 கோடிக் கணக்குகள் அப்படி அடையாளம் காணப்பட்டன. ஓட்டையை நிறுவனம் அடைத்துவிட்டது.

நம் நாட்டில் இந்த ஆபத்துக்கு ஒரு கூடுதல் கூர்மை உண்டு. அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு மாநிலம், கெடாவுக்கு 02. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பிறந்தநாளையும் பிறந்த ஊரையும் முகநூலில் போட்டவரின் எண்ணில் எட்டு இலக்கங்களை எவரும் ஊகித்துவிடலாம். மிச்சம் நான்கு, அதிலும் பாலினம் தெரிந்தால் எஞ்சுவது 5,000 சாத்தியங்கள் மட்டும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் மோசடிக்காரன் உங்கள் பெயர், பிறந்த தேதி, பழைய தோட்டம் எல்லாவற்றையும் சொல்லும்போது ஏன் நம்பத் தோன்றுகிறது என்பது இப்போது புரியும். ஆலோங்கிடம் கடன்பட்ட உறவினருக்குப் பயந்து ஒதுங்கியவர், அடித்த கணவனை விட்டு ஊர் மாறிய பெண் போன்றோரும் தேடப்படுகிறார்கள். கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

ஆகவே ஆள் தேடும் பட்டியலில் புதிய வசதி வேண்டும் என்று கேட்கும்போது, நாம் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். எண்ணை வைத்துத் தேடும் வசதி, பயனர் தானே திறக்கும்வரை மூடியே இருக்கட்டும். அதற்குப் பதில் இடத்தை வைத்துத் தேடும் வழி வரட்டும்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தத் தமிழ்ப்பள்ளி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. தமிழ் எழுத்தில் தட்டினாலும் ரோமன் எழுத்துப் பெயர் வர வேண்டும். இருவரும் ஒரே தோட்டத்தைக் குறித்து, இருவரும் தேடினால் மட்டும் ஒருவருக்கு மற்றவரைக் காட்ட வேண்டும். இது கனவு அல்ல. எண்ணை மறைத்துப் பயனர்பெயரால் மட்டும் தொடர்புகொள்ளும் வசதியை சிக்னல் செயலி 2024 பிப்ரவரியிலேயே கொண்டுவந்துவிட்டது. நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறியது. தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மெதுவாக நடக்கிறது. நம் அமைப்புகளை நாமே சரிசெய்துகொள்ளலாம்.

இன்றே உங்கள் வீட்டுப் பெரியவரின் போனைக் கையில் எடுங்கள். முகநூல் அமைப்பில் 'உங்கள் எண்ணைக் கொண்டு யார் தேடலாம்' என்ற இடத்தில் 'நான் மட்டும்' என்று மாற்றுங்கள். பிறந்த ஆண்டை மறையுங்கள். அடையாள அட்டைப் படம் எந்தக் குழுவிலும் வேண்டாம். தோட்டத்தின் பெயரையும் பள்ளியின் பெயரையும் அவர் விரும்பினால் தாராளமாக எழுதட்டும். பழைய ஆள்கள் அதை வைத்துத்தான் தேடுவார்கள். யாராவது ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டால் தயங்காமல் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழையுங்கள். எண் 997.